அக்கரையில் பதினோரு வீடு

'பாலம் யாருக்கு? பதினோரு வீட்டுக்கு! பணம் யாருடையது? நம்முடையது!'

அப்பா கொண்டுவந்த நோட்டீஸின் தலைப்பு இதுதான். காகிதத்தை என் மேஜைமேல் வைத்து, அது பறக்காமல் இருக்க மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் அதன்மேல் வைத்தார்.

"ஆயிரம் காப்பி. தலைப்பு மட்டும் தெருமுனையிலேருந்து படிக்கிற மாதிரி இருக்கணும்."

என் கடை நகரசபைக்கு நேர் எதிரே. ஜெராக்ஸ், பில் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, காணவில்லை விளம்பரம், எல்லாம் அடித்துக் கொடுப்பேன். ஆனால் என் வீட்டுக்கு எதிராகவே ஒரு நோட்டீஸ் அடிக்கச் சொல்லி யாரும் வந்ததில்லை. முதலில் வந்தவர் பெற்ற அப்பா.

"எந்தப் பாலம்ப்பா?" தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"கால்வாய்க்குக் குறுக்க போடப்போறாங்களே, அது."

"அதாவது, என் வீட்டுக்குப் போற பாலம்."

"உன் வீடு என் வீடுன்னு பார்த்தா பொதுக்காரியம் பண்ண முடியாதும்மா."

ஊரில் அப்பாவுக்குப் பெயர் 'ரசீது'. முடி வெட்டிக்கொண்டால்கூட ரசீது கேட்பார். வரி செலுத்துவோர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். போன வருஷம் நகரசபைத் தலைவர் ஊர் எல்லையில் கலர் விளக்கு போட்டு ஒரு வரவேற்பு வளைவு கட்டப் பார்த்தார். "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையேன்னு செலவு பண்றதா?" என்று சபையிலேயே கேட்டு அதை நிறுத்தியவர் அப்பா. அன்றைக்கு நானும்தான் கைதட்டினேன்.

"எதுத்த வீட்டுத் தையல்காரம்மா போன தடவை வரி ஏத்தினப்போ ஒரு மெஷினை வித்தாங்க. தெரியுமில்ல?" என்றார். "இப்ப பாலத்துக்குன்னு தனி வரியாம். மொத்தச் செலவைப் பதினோரு வீட்டால வகுத்துப் பார்த்தேன். அந்தக் காசுல ஆளுக்கொரு வீடு இந்தக் கரையிலயே கட்டிக் குடுத்துடலாம்."

"சரி. அந்தப் பதினோரு வீட்டுல என் வீடு எது?"

"ஏதோ ஒண்ணு."

"கால்வாயைப் பார்த்தாப்பல இருக்கிற முதல் வரிசையிலயே பதினோரு வீடு இருக்குப்பா. நாங்க மூணாவது வரிசை. அதுக்குப் பின்னாடியும் தெருத் தெருவா இருக்கு. நாங்கல்லாம் எங்க குடியிருக்கோம், ஆகாசத்துலயா?"

"நகரசபைக் கணக்கு. நான் எழுதி வாங்கியிருக்கேன்."

"அம்மா மாசா மாசம் வந்துட்டுப் போறாங்களே, அவங்க சொல்லலையா?"

"உங்கம்மா சொல்றது வாய்க்கணக்கு."

"ஒரு தடவை நீங்களே வந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமே?"

அப்பா மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஒருநாளும் அக்கரைக்கு வந்ததில்லை. "சம்பந்தியை இங்க வரச் சொல்லு," என்பார். "வேலை இருக்கு," என்பார். நான் கட்டிக்கொண்டது ஒரு மெக்கானிக்கை என்பதால் வந்த கௌரவக் குறைச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நோட்டீஸை அடித்துத்தான் கொடுத்தேன். நான் மறுத்தால் அடுத்த கடைக்காரன் அடிப்பான், அதுவும் எழுத்துப்பிழையோடு. நோட்டீஸ் கட்டை வாங்கிக்கொண்ட பிறகும் அப்பா நகரவில்லை.

"ரசீது?"

பேனா முனை காகிதத்தைக் கிழிக்கும்படி எழுதிக் கொடுத்தேன்.

*

எங்களுக்கு இப்போது இருப்பது பலகைப் பாலம். இரண்டு கம்பி வடம், குறுக்கே மரப்பலகை. ஆள் நடக்கலாம், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போகலாம். ஆம்புலன்ஸ் அக்கரையைப் பார்த்தபடி நின்று ஹாரன்தான் அடிக்கும்.

என் மாமனாருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரி போக வேண்டும். கைப்பிடி வைத்த மர நாற்காலியில் அவரை உட்காரவைத்து, என் கணவரும் பக்கத்து வீட்டுப் பெயின்டரும் தூக்கிக்கொண்டு பாலத்தைக் கடப்பார்கள். மாமா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் இன்னும் கழுத்தில் தொங்கும். நாற்காலி கிளம்பும்போது ஊதி, "ரைட், ரைட்! பெயின்டர் தம்பி, படியில நிக்காதே, உள்ள போ," என்பார்.

அன்று சாயங்காலம் நான் கடையைப் பூட்டிவிட்டுப் போனபோது விசில் சத்தம் இல்லை. வீட்டில் என் கணவர் சட்டையைக் கழற்றிவிட்டுத் தோளில் மருந்து தடவிக்கொண்டிருந்தார். பாலத்தின் நடுவில் ஒரு பலகை உடைந்து பெயின்டரின் கால் உள்ளே போய்விட்டதாம். நாற்காலி சாய்ந்திருக்கிறது. கைப்பிடியைத் தோளால் முட்டுக்கொடுத்து இவர்தான் தாங்கிப் பிடித்திருக்கிறார்.

"நாளன்னைக்குத்தானே நகரசபைல பாலத்தைப் பத்தி முடிவு பண்றாங்க?" என்று மாமா கேட்டார்.

"ஆமா மாமா."

"பாலம் இல்லைன்னு ஆயிட்டா, இனி அந்த நாற்காலில நான் ஏறமாட்டேன்."

"என்ன பேச்சு இது?"

"என்னைத் தூக்கறேன்னு இவங்க விழுந்தா, இவங்களைத் தூக்க யாரு இருக்கா? ஒரு வயசான டிக்கெட்டுக்காக முழு பஸ்ஸையும் பள்ளத்துல விட முடியாதும்மா." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டார்.

அந்த விசிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினோரு வீடாம்!

*

மறுநாள் கடையைத் திறக்காமல் நேரே நகரசபை வரி கவுன்டருக்குப் போனேன்.

"என் வீட்டுக்கு வரி போடணும்," என்றேன்.

உள்ளே இருந்த குமாஸ்தா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "குறைக்கணுமா?"

"இல்ல. போடணும். இதுவரைக்கும் போடவே இல்ல."

"வரி போடச் சொல்லிக் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதாம்மா. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"அக்கரைல யாருக்குமே போடலையே, ஏன்?"

"பாலம் இல்லாத இடத்துக்கு அளக்க யாரும்மா போவா?"

"வரி கட்டற வீடு இல்லைன்னுதானே பாலம் வேண்டாங்கறீங்க?"

"அது இன்ஜினியர் செக்‌ஷன். இது வரி செக்‌ஷன்."

கணக்கெடுத்த இன்ஸ்பெக்டர் உள்ளறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரையும் விடவில்லை.

"சார், அக்கரைல வீடு எண்ணினது நீங்கதானே? எப்படி எண்ணினீங்க?"

"கண்ணாலதான்."

"எங்க நின்னு?"

"இந்தக் கரையிலதான். நிழலா ஒரு மரம் இருக்கு பாருங்க, அதுக்குக் கீழ. தெரிஞ்ச வீடெல்லாம் ஒண்ணு விடாம எழுதினேன்."

"தெரியாத வீடு?"

"தெரியாததை எழுதினா அது பொய்க் கணக்காயிடுமே!" டீயைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பலகை ஆடுதும்மா. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு, கரையேத்தணும்."

நல்லவர்தான். வஞ்சகம் தெரியாதவர். ஆனால் அவருடைய நிழலுக்காக ஓர் ஊரையே மரத்துக்குப் பின்னால் மறைத்துவிட்டார். அந்தக் கணக்கை நம்பி என் அப்பா வகுத்துவிட்டார். அந்த வகுத்தலை நான் ஆயிரம் காப்பி அடித்துக் கொடுத்திருந்தேன்.

*

கூட்டத்தில் ஈ நுழைய இடமில்லை. ஒவ்வொருவர் கையிலும் என் கடை நோட்டீஸ். அப்பா எழுந்து கணக்கைப் படித்தார். 'பதினோரு வீடு' என்று வரும்போதெல்லாம் பின் வரிசை மேஜையைத் தட்டியது. தையல்காரம்மா அதிகமாகத் தட்டினாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நகரசபைத் தலைவர் ஏதோ பெரிய துக்கம் கேட்டவர்போல முகத்தை வைத்துக்கொண்டார். "மேலிடத்துல சொன்னாங்கன்னுதான் பாலத்தைச் சேர்த்தோம். மக்கள் வேண்டாங்கறாங்க. வேற யாராவது பேசறீங்களா?"

எழுந்தேன்.

"ரசீது வேணும்," என்றேன்.

சபை கொல்லென்று சிரித்தது. "மகளும் கேக்க ஆரம்பிச்சாச்சுடா!" என்றான் ஒருவன்.

"முடி வெட்டினாக்கூட ரசீது இல்லாம எங்கப்பா நம்பமாட்டார். இந்தப் பதினோரு வீட்டுக்கு ரசீது எங்க? யாரு போய்ப் பார்த்தா? எந்தத் தெருவுல நடந்தா?" நான் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினேன். "சார், நேத்து என்கிட்ட சொன்னதை இங்க சொல்லுங்க. எங்க நின்னு எண்ணினீங்க?"

இன்ஸ்பெக்டர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "நிழல்ல," என்றார்.

"என் வீடே அந்தக் கணக்குல இல்லைங்க. எங்க தெருவே இல்ல. ஓட்டுக் கேக்கப் படகு வச்சுக்கிட்டு வந்தீங்களே தலைவரே, அன்னிக்கு மட்டும் எல்லா வீடும் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. தையல்காரம்மா நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் காது மடல் சிவந்துவிட்டது. "சபையில அப்பனை நிக்கவச்சுக் கேள்வி கேக்கற?"

"வீட்டுல கேட்டா மின்விசிறியைப் பாக்கறீங்களே!"

அவர் கையிலிருந்த நோட்டீஸை நாலாக மடித்தார். பிறகு தலைவரைப் பார்த்தார். "நான் தப்பான கணக்குல கையெழுத்துப் போட்டவன்னு பேர் வாங்கமாட்டேன். நானே போய் எண்ணிட்டு வர்றேன். சாயங்காலம் வரைக்கும் ஒத்திவையுங்க."

"தாராளமா," என்றார் தலைவர். அந்தத் தாராளத்தில் எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

*

சட்டைப்பையில் சாக்பீஸோடு அப்பா விறுவிறுவென்று கால்வாய்க் கரைக்கு வந்தார். பாலத்தில் கால் வைத்தார். நான்கு பலகை தாண்டினார். ஐந்தாவதில் நின்றார். இரண்டு கையாலும் வடத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. நீ போ. நான் வர்றேன்."

"அப்பா?"

"தண்ணி கீழ ஓடுதுடி." அவர் கண்ணைத் திறக்கவில்லை. "தலையைச் சுத்துது. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். உங்கம்மாகிட்டகூடச் சொன்னதில்ல."

இத்தனை வருஷமாகக் கௌரவம் என்று நினைத்தது வெறும் பயம்! கோபம் குறைவதற்குப் பதிலாக எனக்கு ஏறியது. "உங்களாலயே கடக்க முடியாத பாலத்தை, நோயாளி கடக்கட்டும்னு நோட்டீஸ் போட்டீங்களா?"

அவர் வடத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தார். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. அக்கரையில் கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் மாமாவின் நாற்காலிதான் வந்தது. என் கணவரும், காலில் கட்டோடு நொண்டிக்கொண்டே வந்த பெயின்டரும் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்தார்கள்.

"பிடிச்சுக்கங்க மாமா," என்றார் என் கணவர், தோள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு.

"மாப்பிள்ளை, உடைஞ்ச பலகை எங்க இருக்கு?"

"தாண்டிட்டோம். கண்ணைத் திறக்காதீங்க."

அக்கரையில் மாமா காத்துக்கொண்டிருந்தார். "வாங்க சம்பந்தி! முதல் தடவையா வர்றீங்க, அதுவும் என் சீட்டுல. டிக்கெட் எடுத்தீங்களா?"

அப்பாவுக்குச் சிரிக்க வரவில்லை. இறங்கிச் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். பிறகு சாக்பீஸை எடுத்தார். முதல் வரிசையின் பதினோரு கதவிலும் ஒவ்வொரு கோடு போட்டார். வரிசை முடிந்து திரும்பினார். எதிரே இரண்டாவது வரிசை. அதன் பின்னால் எங்கள் வரிசை. எங்கள் கதவில் கோடு போடும்போது அவர் கை கொஞ்சம் நின்றது. பிறகு தெருவுக்குப் பின் தெரு. சாக்பீஸ் தீர்ந்து, ஒரு வீட்டில் அடுப்புக்கரி வாங்கி எண்ணினார். ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்விதான் கேட்டார்: "உங்களுக்கு வரி போட்டா கட்டுவீங்களா?"

"போடச் சொல்லுங்க சார்," என்றாள் ஓர் அம்மா. "வரி ரசீது இருந்தாத்தான் கரன்ட்டுக்கே மனு வாங்குவாங்களாம்."

எண்ணி முடித்தபோது கணக்கு நூற்றுப் பதினாறில் நின்றது. அப்பா கரிபடிந்த விரலால் காற்றில் வகுத்துப் பார்த்தார். "இத்தனை பேரும் வரி கட்டினா, யாருக்கும் தனி வரியே போட வேண்டாமே," என்று முணுமுணுத்தார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு கோபம் வந்திருந்தது. தன்மேல் பாதி, எண்ணாத கணக்கை எழுதிக் கொடுத்த நகரசபைமேல் மீதி.

*

சாயங்காலம் அப்பாவை அதே நாற்காலியில் இக்கரை சேர்த்து நாங்கள் திரும்பியபோது சபையில் தரை கூட்டுகிறவர்தான் இருந்தார்.

தலைவர் கார் கதவைத் திறந்துகொண்டிருந்தார். "வாங்க சார். நீங்க போன கையோட பேசி முடிச்சிட்டோம். சங்கத்தோட ஆட்சேபணையை ஏத்துக்கிட்டுப் பாலத்தைக் கைவிட்டாச்சு. அந்தப் பணம் வீணாப் போகக்கூடாது பாருங்க, வரவேற்பு வளைவுக்கு மாத்தித் தீர்மானமும் போட்டாச்சு."

"வளைவா?"

"மக்கள் விருப்பம். உங்க நோட்டீஸையே ஆதாரமா இணைச்சிருக்கோம்."

அப்பா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ரொம்ப மெதுவாகக் கேட்டார்: "நான் பாலம் வேண்டாம்னு சொன்னேன். வளைவு வேணும்னு எந்த வரியில சொன்னேன்?"

"சார், லேட்டாயிடுச்சு..."

"ஆட்சேபணை என்னோடது. நான் குடுத்தேன். நானே திருப்பி எடுத்துக்கறேன்."

"தீர்மானம் நிறைவேறியாச்சே! இனி எழுதிக் குடுத்து, அடுத்த..." கார் கிளம்பிவிட்டது.

வாசல் படியில் அப்பா உட்கார்ந்துவிட்டார். "ஊரை ஏமாத்தறவன்கிட்டேருந்து ஊர்ப் பணத்தைக் காப்பாத்தறேன்னு நினைச்சேன். சாவியை நானே அவன் கையில குடுத்திருக்கேன்." எழுந்து, எதிரே பூட்டியிருந்த என் கடையைக் காட்டினார். "திற. ஆயிரம் காப்பி."

*

மறுநாள் காலை மாமா சொன்னபடியே செய்தார். ஆஸ்பத்திரிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, அவர் கட்டிலைவிட்டு எழவில்லை. என் கணவர் கெஞ்சினார். பெயின்டர் காலில் கட்டோடு வந்து நின்று கெஞ்சினார். "பாலம் இல்லைன்னு ஆயிடுச்சில்ல? சொன்னா சொன்னதுதான்."

அப்போது வாசலில் யாரோ மூச்சு வாங்கினார்கள். அப்பா! முழங்காலிலும் உள்ளங்கையிலும் அழுக்கு. பலகைமேல் தவழ்ந்தே வந்திருக்கிறார்.

"சம்பந்தி, எனக்கு ஒரு உதவி," என்றார். "எப்படியோ வந்துட்டேன். திரும்பிப் போக முடியாது. உங்க நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நடந்தா ஒருவேளை போயிடுவேன். நீங்க ஏறலைன்னா நான் இங்கேயே தங்கவேண்டியதுதான். காலைல அஞ்சு மணிக்கு ரேடியோ வைப்பேன். சாப்பாட்டுல உப்பு கம்மியா இருக்கணும். சந்தைக்குப் போயிட்டு வந்தா யாரா இருந்தாலும் கணக்கு ஒப்பிக்கணும்."

மாமா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மருமகளே, இவரோட குடும்பம் நடத்தறதுக்கு அந்த ஊசியே தேவலாம். விசிலை எடு."

கால் வீங்கியிருந்த பெயின்டரின் இடத்தில் அப்பா நின்றார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கைப்பிடியைப் பிடித்தார். "இடது பக்கம் வை... இப்ப வலது... பள்ளம் வருது, பெரிய அடி!" என்று மாமாதான் மேலே இருந்து வழி சொன்னார். யார் யாரைக் கரை சேர்க்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது நாற்காலி நேரே வீட்டுக்குப் போகவில்லை. நகரசபை வாசலில், தலைவரின் கார் வெளியே வரும் வழியில், அப்பா அதை இறக்கி வைத்தார். மாமா பலமாக விசில் ஊதினார். புதிய நோட்டீஸோடு சங்கத்து ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். அதன் தலைப்பு: 'நூற்றுப் பதினாறு வீட்டைப் பதினொன்றாக்கிவிட்டு வளைவு யாருக்கு?' முன்னால் நின்றவள் தையல்காரம்மா.

தலைவர் வெளியே வந்தார். "என்ன சார், நோயாளியை வெயில்ல வச்சுக்கிட்டு... நியாயமா?"

"இவரைத் தண்ணிக்கு மேல தொங்கவிட்டது நியாயமா?" அப்பாவின் குரல் தெருமுனை வரை கேட்டிருக்கும். "எண்ணாத கணக்கை எனக்குக் குடுத்தீங்க. நான் எண்ணப் போனப்போ முதுகுக்குப் பின்னாடி தீர்மானம் போட்டீங்க. வளைவுக்குன்னு எங்க சங்கத்துல ஒருத்தரும் ஒத்தைக் காசு கட்டமாட்டோம். அக்கரைல நூத்துப் பதினாறு வீடு வரி கட்டறேங்குது, வாங்க ஆளில்ல!"

"சரி சரி. அடுத்த கூட்டத்துல மறுபடி எடுத்துக்கலாம். சொல்லிட்டேன்ல?"

"எழுதிக் குடுங்க."

"என் வார்த்தை போதாதா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமா விசிலை வாயருகே கொண்டுபோனார்.

தலைவர் பேனாவைத் தேடினார். நான் கொடுத்தேன். கார் கூரைமேல் காகிதத்தை வைத்து எழுதினார்: அக்கரை வீடுகள் நேரில் எண்ணப்படும், வளைவுத் தீர்மானம் நிறுத்தி வைக்கப்படும், பாலம் மீண்டும் சபைக்கு வரும். கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு காகிதத்தைத் திருப்பித் தலைவரிடமே நீட்டினார்.

"தேதி போடலையே?"